36 அடி வீடு, 20 அடி பட்டறை: ஒரு மோட்டார்ஹோம் தேர்வின் கணக்கு

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு தம்பதி இருந்தார்கள். அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்கு 61 வயது, அண்ணிக்கு 58. மகள் டென்வரில் வேலைக்குப் போனதும் நாலு படுக்கையறை வீட்டில் இரண்டு பேர் மட்டும். 2022 கடைசியில் வீட்டை விற்றுவிட்டு, மோட்டார்ஹோமிலேயே (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்து ஓட்டிப் போகும் வண்டி) முழுநேரமும் வாழ்வது என்று முடிவெடுத்தார்கள். குளிர்காலத்துக்கு அரிசோனா, கோடைக்குக் கொலராடோ. அண்ணிக்குக் கணக்காளர் வேலை. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். அண்ணனுக்கு மரக்கடைசல். ஓய்வு பெற்ற பிறகு கிண்ணமும் தட்டும் கடைந்து சந்தைகளில் விற்கிறார், ஆர்டர்களும் வருகின்றன. அவரைப் பொறுத்தவரை கடைசல் இயந்திரம் இல்லாத வீடு வீடே இல்லை.

இதில் என்ன சிக்கல் என்றால், வண்டியைப் பார்க்கத் தொடங்கும் முன்பே அண்ணன் 24 அடி மூடிய டிரெய்லர் ஒன்றை வாங்கிவிட்டார். அதற்குள் சின்னக் காரும் போகவேண்டும், பட்டறையும் போகவேண்டும். தூக்கு கிரேன்களுக்குப் பாரக் கணக்குப் போடுவது என் பிழைப்பு. “தம்பி, வண்டி பார்க்க நீயும் வா, உனக்குத்தான் எடை கிடை எல்லாம் தெரியும்” என்று கூப்பிட்டார். அப்படித்தான் ஐந்து மாதச் சனிக்கிழமைகள் போயின.

காரை ஏன் டிரெய்லருக்குள் ஏற்ற வேண்டும், தனியாகக் கட்டி இழுக்கலாமே என்று கேட்கலாம். மோட்டார்ஹோமுக்குப் பின்னால் டிரெய்லர், அதற்கும் பின்னால் கார் என்று கோத்துக்கொண்டு போவதைப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. அப்படிக் கோத்துவிட்டால் பின்னோக்கி எடுக்கவும் முடியாது. போதாக்குறைக்கு அவர்களுடைய ஹோண்டா ஃபிட் தானியங்கி கியர் வண்டி. நான்கு சக்கரமும் தரையில் உருள அதை இழுத்துப் போனால் கியர்பெட்டி போய்விடும். ஆகவே கார் உள்ளேதான்.

முதலில் தராசு

விற்பனையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை பேர் படுப்பீர்கள்?” என்பது. நான் அண்ணனிடம் கேட்டது “டிரெய்லர் என்ன எடை?” “ஆறாயிரத்து ஐந்நூறு பவுண்டு இருக்கும்” என்றார். யார் நிறுத்தது என்றேன். பதில் இல்லை.

ஒரு ஞாயிறு காலை காரையும் கருவிகளையும் பயணத்தில் இருக்கப்போகிற மாதிரியே ஏற்றிக் கட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப்பில் மாட்டி, நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்தில் இருக்கும் ‘கேட்’ (CAT) நிறுவனத்தின் எடைமேடைக்குப் போனோம். அமெரிக்கா முழுவதும் இந்த மேடைகள் உண்டு. லாரிக்காரர்களுக்காக வைத்தது, கட்டணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் நிறுக்கலாம். மேடை துண்டு துண்டாக இருப்பதால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்று எண்கள் தனித்தனியாக வரும்.

சீட்டில் டிரெய்லர் அச்சுக்கு நேரே 7,580 என்று இருந்தது. அண்ணன் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதுவும் முழு எடை இல்லை. டிரெய்லரின் ஒரு பங்கு கொக்கி வழியாக பிக்கப் மேல் உட்கார்ந்திருக்கிறது. டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு பிக்கப்பை மட்டும் இன்னொரு தடவை நிறுத்தோம். இரண்டு சீட்டையும் கழித்துப் பார்த்ததில் டிரெய்லரின் முழு எடை 8,640 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3,920 கிலோ. கொக்கி மேல் விழுவது 1,060 பவுண்டு. அவர் மனக்கணக்குக்கும் தராசுக்கும் நடுவே ஒரு டன் வித்தியாசம். கடைசல் இயந்திரம் மட்டுமே 700 பவுண்டு, மேசை ரம்பம் 400. ‘கொஞ்சம் மரக்கட்டை’ என்று அவர் சொன்ன வால்நட் குவியலைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கொக்கி மேல் விழும் எடை மொத்தத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை இருக்கவேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும், கூடினால் இழுக்கும் வண்டியின் பின்புறத்தை அமுக்கும். இவருடையது 12 சதவீதம், தன்னளவில் சரிதான். எந்த வண்டிக்குச் சரி என்பதுதான் கேள்வி.

கொக்கியில் எழுதியிருப்பதும் கழித்தலும்

எந்த மோட்டார்ஹோமிலும் மூன்று எண்கள் பார்க்கவேண்டும். வண்டி தன் சக்கரங்களில் சுமக்கலாம் என்று தயாரிப்பாளர் வைத்த மொத்த எடை வரம்பு ஒன்று. வண்டியும் இழுப்பதும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு இன்னொன்று. கொக்கியின் வரம்பு மூன்றாவது. விற்பவர்கள் மூன்றாவதை மட்டும்தான் சொல்வார்கள். ஆனால் கூட்டு வரம்பிலிருந்து மொத்த வரம்பைக் கழித்தால் வருவதுதான், வண்டி முழுப் பாரத்தோடு இருக்கும்போது இழுக்க முடிவது. கழித்து வருவது, கொக்கியில் எழுதியிருப்பது, இரண்டில் எது சின்னதோ அதுதான் உங்களுக்கு. முழுநேரம் வாழ்பவர்களுக்கு வண்டி எப்போதும் முழுப் பாரத்தில்தான் இருக்கும் என்பதால் இந்தக் கழித்தலிலிருந்து தப்பிக்க வழி இல்லை.

இதை வைத்துப் பார்த்தபோது பாதி வண்டிகள் ஒரே சனிக்கிழமையில் கழிந்தன. ஸ்ப்ரின்டர் வேனில் கட்டியவை 11,030 மொத்தம், 15,250 கூட்டு. கொக்கியில் 5,000 என்று இருக்கும், வேனை நிரப்பினால் 4,220தான் மிச்சம். ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டிய கிளாஸ் சி வண்டிகள், அதாவது வேன் முகப்பு உள்ளவை, 14,500 மொத்தம், 22,000 கூட்டு. மிச்சம் 7,500. அண்ணனுக்கு எட்டவில்லை.

கிளாஸ் ஏ பெட்ரோல் வண்டியில்தான் அண்ணனுக்கு ஆசை. பேருந்து மாதிரி முகம், 36 அடி, ஃபோர்டு எஃப்-53 அடிச்சட்டம், 7.3 லிட்டர் வி8 இன்ஜின், உள்ளே குளிர்காய மின்சாரக் கணப்படுப்புகூட இருந்தது (ஹூஸ்டனில் அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை). விற்பனையாளர் கொக்கியைத் தட்டிக் காட்டி “எட்டாயிரம் இழுக்கும்” என்றார். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த தகட்டைப் படித்தோம்: மொத்தம் 24,000, கூட்டு 30,000. மிச்சம் 6,000. எட்டாயிரம் இழுக்கவேண்டுமென்றால் வீட்டுக்குள் இரண்டாயிரம் பவுண்டு குறைவாக வைத்துக்கொள்ளவேண்டும். அதுவும் போக, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். டென்வருக்கு மேற்கே ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,000 அடியைத் தாண்டுகிறது. மகள் வீட்டிலிருந்து மலைக்குள் போகும் வழியே அதுதான்.

டீசல் புஷர், அதாவது பின்னால் டீசல் இன்ஜின் வைத்த கிளாஸ் ஏ, அடுத்தது. இங்கே நானே ஏமாறப் பார்த்தேன். பழையது ஒன்று, 36 அடி, கொக்கியில் 10,000 என்று அச்சடித்திருந்தது. டீசல், டர்போ, காற்று பிரேக், எல்லாம் இருக்கிறதே என்று அண்ணன் கையைக் குலுக்கத் தயாராகிவிட்டார். தகடு ஓட்டுநருக்கு இடப்பக்கம், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தது. கைப்பேசி விளக்கை அடித்து அண்ணிதான் படித்தார். “27,910. கீழே 33,000.” ஒரு நொடி நிறுத்தி, “ஐயாயிரத்துத் தொண்ணூறு. உங்க டிரெய்லர்ல பாதிகூட இல்லையே” என்றார். பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும், ஆனால் அதைத் திருத்தும் நேரம் அதுவல்ல. கணக்காளரைக் கூட்டிக்கொண்டு வண்டி வாங்கப் போவது நல்லது. கொக்கி பத்தாயிரம் தாங்கும் இரும்புதான். இன்ஜின், கியர்பெட்டி, பிரேக் எல்லாம் சேர்ந்த வண்டி அதைத் தாங்காது.

சூப்பர் சி, அதாவது முன்னால் லாரி மூக்கு உள்ளவை, இழுவைக்கென்றே பிறந்தவை. ஃபிரெய்ட்லைனர் லாரி அடிச்சட்டத்தில் வருவனவற்றில் 20,000 பவுண்டு இழுப்பவையும் உண்டு. புதிது கேட்ட விலைக்கு கேட்டியில் இன்னொரு வீடு வாங்கலாம், பழையதை யாரும் விற்பதாகத் தெரியவில்லை. அதோடு அது போயிற்று.

என் யோசனை வேறு: மோட்டார்ஹோமே வேண்டாம். பெரிய பிக்கப் ஒன்று, பின்பக்கம் கராஜ் உள்ள ஐந்தாம் சக்கர டிரெய்லர் (பிக்கப்பின் பின்தட்டுக்குள் மாட்டுவது) ஒன்று. கராஜில் பட்டறை, பிக்கப்பே கார், மொத்தம் இரண்டே வண்டி. இன்ஜின் பழுதானால் பிக்கப் மட்டும் பழுதுபார்க்கும் கடைக்குப் போகும். மோட்டார்ஹோமில் இன்ஜின் போனால் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாமே அந்தக் கடை வாசலில் போய் நிற்கும். கணக்குப்படி இதுதான் மேல் என்று இன்றும் நினைக்கிறேன். அண்ணி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “ராத்திரி எங்கயாவது நிறுத்தி, சரியில்லன்னு தோணினா, கீழே இறங்காம அப்படியே ஓட்டிட்டுப் போகணும்.” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீளம்

எடைக்கு விடை கிடைத்தபோது நீளம் வந்து நின்றது. 40 அடி டீசல் புஷர் ஒன்று எல்லா எண்ணிலும் தேறியது: மொத்தம் 32,000, கூட்டு 42,000, கொக்கி 10,000. கொக்கி மேல் விழலாம் என்று எழுதியிருந்தது 1,000. நம்முடையது 1,060, கொஞ்சம் சாமான் நகர்த்தினால் போதும். நான் சரி என்று சொல்லும் நேரம் அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு டிரெய்லரைச் சுற்றி வந்தார். 24 அடி என்பது பெட்டியின் நீளம். கொக்கி மாட்டும் முன்கம்பி அதற்கு வெளியே இன்னும் நாலு அடி. ஆக 28. நாற்பதோடு சேர்த்தால் 68. டெக்சஸில் கூட்டு நீளம் 65 அடிக்கு மேல் போகக்கூடாது, கலிஃபோர்னியாவிலும் அதே 65. நிறையப் பேர் மீறித்தான் ஓட்டுகிறார்கள், சாலையில் யாரும் டேப் பிடித்து அளப்பதில்லை என்று விற்பனையாளர் சொன்னார். உண்மைதான். விபத்து நடந்தால் அளப்பார்கள்.

தேசியப் பூங்காக்களில் நாற்பது அடிக்கு இடமே கொஞ்சம். கிளேசியர் பூங்காவின் மலைச்சாலையில் டிரெய்லரோடு சேர்த்து 21 அடிக்கு மேல் உள்ள எதையும் விடமாட்டார்கள். அங்கெல்லாம் காரை இறக்கித்தான் போகவேண்டும். கார் கட்டாயம் என்பது அன்றைக்கு உறுதியானது.

அன்று இரவு அவர்கள் வீட்டு மேசையில் தோசையோடு நடந்த பேச்சில்தான் விஷயம் திரும்பியது. இவ்வளவு நாளும் டிரெய்லரை மாறாத ஒன்றாக வைத்து வண்டியைத் தேடிக்கொண்டிருந்தோம். “டிரெய்லரை மாத்தினா?” என்றார் அண்ணி. ஃபிட் காரின் நீளம் 13 அடிச் சொச்சம். 20 அடிப் பெட்டியில் காருக்கு முன்னால் ஆறு அடிக்கு மேல் மிச்சம் இருக்கும். அகலம் எட்டரை அடி என்பதால் கடைசல் இயந்திரத்தைக் குறுக்கே போடலாம். மேசை ரம்பம் போகாது. அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரம்பத்தை விற்பனைக்குப் போட்டார்.

வாங்கியது

2014 மாடல், 36 அடி டீசல் புஷர். கம்மின்ஸ் 6.7 லிட்டர் இன்ஜின். மொத்தம் 31,000, கூட்டு 41,000, கொக்கி 10,000. முன் அச்சு வரம்பு 12,000, பின் அச்சு 20,000. விலை ஒரு லட்சத்து 15 ஆயிரம் டாலர். புது டிரெய்லரின் வரம்பு 9,990 பவுண்டு. பத்தாயிரத்துக்குக் கீழே நிற்பது தற்செயல் அல்ல. டெக்சஸில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமுக்குக் கிளாஸ் பி உரிமம் வேண்டும், சரக்குலாரி உரிமம் அல்ல, தனிநபருக்கானது. டிரெய்லர் வரம்பு பத்தாயிரத்தைத் தாண்டினால் கிளாஸ் ஏ உரிமம் கேட்பார்கள். உரிமத் தேர்வுக்குச் சொந்த வண்டியைத்தான் கொண்டுபோகவேண்டும். அதை அங்கே ஓட்டிக்கொண்டு போக ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவர் வேண்டும். பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் கிடைத்தார்.

வாங்கும் முன் மூன்று சோதனைகள். ஒன்று, அண்ணி சொன்னது: ஸ்லைடுகளை (வண்டி நின்றதும் வெளியே நீட்டிக்கொள்ளும் அறைப் பகுதிகள்) உள்ளே இழுத்து வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்ப் பார்ப்பது, குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பது. முந்தைய வண்டி ஒன்றில் ஸ்லைடு உள்ளே இருந்தபோது குளிர்பெட்டிக் கதவு ஒரு சாண்தான் திறந்தது. இரண்டாவது, டயர். பள்ளமெல்லாம் புதிது போல இருந்தது, ஆனால் பக்கச்சுவரில் கடைசி நாலு எண் 3213. 2013-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். பத்து வயதை நெருங்கும் டயர். முன் டயர் வெடித்தால் பதினைந்து டன் வண்டியைப் பிடிப்பது மிகவும் கடினம். ஆறையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கவைத்தோம். மூன்றாவது, ரேடியேட்டர். இந்த வகையில் ரேடியேட்டர் பின்புறம், விசிறிக்கும் பின்னால். இன்ஜினின் மூச்சுக்குழாய் அதன் பக்கத்தில் முடிந்தால் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து ரேடியேட்டரின் உள்முகத்தில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். கட்டில் பலகையைத் தூக்கி, அடியில் உள்ள இன்ஜின் மூடியைத் திறந்து, விளக்கடித்துப் பார்க்கவேண்டும். இதில் முந்தைய உரிமையாளர் குழாயை நீட்டி வேறுபக்கம் விட்டிருந்தார். அதைப் பார்த்ததும் வண்டியைக் கவனித்து வைத்திருந்த ஆள் என்று ஒரு நம்பிக்கை வந்தது.

சாமான்

வண்டியின் மஞ்சள் ஒட்டுத்தாளில், ஆட்களும் சாமானும் சேர்ந்து 3,420 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. தாராளம் என்று தோன்றும். அதே தாளின் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: தண்ணீரின் எடையும் சாமான்தான், டிரெய்லர் கொக்கி மேல் அமுக்கும் எடையும் சாமான்தான். இதை அமெரிக்கச் சட்டமே அச்சடிக்கச் சொல்கிறது. படிப்பவரைத்தான் நான் பார்த்ததில்லை. இரண்டு ஆட்கள் 310. தொட்டி நிறைய 90 கேலன் தண்ணீர், கேலனுக்கு 8.3 பவுண்டு வீதம் 747. புது டிரெய்லர் நிறுத்தபோது 7,380, அதில் கொக்கிப் பங்கு 890. மிச்சம் 1,473 பவுண்டு. முப்பது வருடக் குடித்தனம் அதற்குள் அடங்கவேண்டும்.

கராஜில் குளியலறைத் தராசை வைத்து ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தார் அண்ணி. புத்தகங்கள் மட்டும் 640. அவை டென்வருக்குப் போயின. டேபிள்டாப் கிரைண்டர் கிட்டத்தட்ட முப்பது. “மிக்ஸியிலேயே அரைச்சுக்கலாமே” என்று அண்ணன் ஆரம்பித்தார், “உங்க உளிப் பெட்டி எவ்வளவு?” என்று கேள்வி வந்ததும் நிறுத்திக்கொண்டார். உளிப் பெட்டி 85. கடைசியில் 1,350-இல் நின்றார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் எல்லாம் ஏற்றி, தொட்டியில் 30 கேலன் தண்ணீரோடு மறுபடி அதே எடைமேடை. டிரெய்லர் இல்லாமல் முன் அச்சு 11,200, பின் அச்சு 18,290. டிரெய்லரை மாட்டியதும் முன் அச்சு 10,640, பின் அச்சு 19,740. கொக்கியில் வைத்தது 890 பவுண்டு, பின் அச்சில் ஏறியது 1,450. அண்ணன் தராசு தப்பு என்றார். தப்பில்லை. பின்னச்சுக்கும் கொக்கிக்கும் நடுவே 12 அடி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 19 அடி. சீசா பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்தால் எதிர்முனை எழும்புவது போல, கொக்கி அமுங்கும்போது முன்சக்கரத்திலிருந்து 560 பவுண்டைத் தூக்கி அதையும் பின்னச்சின் தலையிலேயே போடுகிறது. மொத்தம் 30,380, வரம்புக்குள். டிரெய்லர் அச்சுகளின் 6,490-ஐச் சேர்த்தால் கூட்டு 36,870, தாராளமாக வரம்புக்குள். பின் அச்சில் மட்டும் மிச்சம் 260 பவுண்டு. ஐந்து மாதமாக இழுவையையே கவனித்தோம், நெருக்கடி வந்தது யாரும் பார்க்காத அந்த ஓர் அச்சில்.

கடைசல் இயந்திரத்தைப் பின்னால் நகர்த்தினோம். கொக்கி எடை 790-க்கு இறங்கியது, டிரெய்லர் எடையில் 10.7 சதவீதம். இதற்குக் கீழே போக நான் விடவில்லை. பின் அச்சில் இன்னொரு 160 பவுண்டு கிடைத்தது. பயணத்தில் தொட்டியைக் கால்வாசிக்கு மேல் நிரப்புவதில்லை, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்வது என்று வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வருடம் கழித்து

முகவரிக்கு டெக்சஸில் லிவிங்ஸ்டன். அங்கே எஸ்கேப்பீஸ் என்ற சங்கம் வண்டியில் வாழ்பவர்களுக்குக் கடிதங்களை வாங்கி அனுப்பித் தருகிறது. உரிமம், காப்பீடு, வாக்கு எல்லாம் அந்த முகவரியில். காப்பீட்டில் ‘முழுநேரக் குடியிருப்பு’ என்று தனியாக எழுதி வாங்கினார்கள். சாதாரண விடுமுறைப் பாலிசி இருந்து, வண்டிப் படியில் யாராவது வழுக்கி விழுந்தால் பணம் வராமல் போகலாம்.

ஐசன்ஹோவர் சுரங்கத்தின் இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்வதைக் காணொளி எடுத்து அனுப்பினார் அண்ணன். நான் எதிர்பார்க்காத குறை வேறொன்று: பல முகாம்களில் சத்தம் போடும் இயந்திரத்துக்கு அனுமதி இல்லை. 50 ஆம்ப் இணைப்பில் கடைசலுக்கு வேண்டிய 240 வோல்ட் இருக்கிறது, ஓட்டத்தான் விடுவதில்லை. இப்போது அரிசோனாவில் மாதக்கணக்கில் தங்கும் இடம் ஒன்றில் பட்டறையை வாடகைக்குப் பகிர்ந்துகொள்கிறார், கடைசல் இயந்திரம் டிசம்பரிலிருந்து அங்கேயே நிற்கிறது. டிரெய்லரில் கார் மட்டும். இயந்திரம் இறங்கியபின் கொக்கி எடை என்ன ஆயிற்று, காரை முன்னால் நகர்த்தவேண்டுமா என்று கேட்டுச் செய்தி அனுப்பினேன். “சனிக்கிழமை நிறுக்கிறோம் தம்பி” என்று அண்ணியிடமிருந்து பதில் வந்தது.